பிள்ளை அழுதால் போகலாம்

நண்டு பொறுமையில்லாத சாமான், ஐயா. அவித்துச் சூடு ஆறினதும் சதையைப் பிரித்து ஐசில் வைத்துவிடவேண்டும். கொஞ்சம் அசந்தால் நாறிவிடும். எங்கள் நண்டுக் கம்பனியில் சதை பிரிக்கிற மேசைக்குப் பொறுப்பு நான்தான், பிரான்சிஸ்கா. இது விளங்கினால் மற்றதும் உங்களுக்கு விளங்கும்.

பெற்றிசியா பிள்ளைப்பேற்று லீவு முடிந்து வந்த அன்றே முதலாளி யோகராசாவிடம் போய் நின்றாள்.

"ஐயா, பிள்ளை இன்னும் பால் குடிக்கிறாள். நேரத்தைக் கொஞ்சம் மாத்தித் தாங்கோ. காலமை பிந்தி வாறன், பின்னேரம் கூட நிண்டு செய்யிறன்."

கேட்டது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படகு கரைக்கு வருகிற நேரத்தை அவளுடைய பிள்ளையா தீர்மானிப்பது? யோகராசா நல்ல மனிதர். அடுத்தவர் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு நல்லவராக இருப்பார்.

"பிள்ளையை இஞ்சை கொண்டுவாரும். பக்கத்து அறையிலை சேலையாலை ஏணை கட்டும். அழுதாப் போய்ப் பால் குடும். பிரான்சிஸ்கா அக்கா, நீங்களும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

பிள்ளை அழுதது. அழுதுகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் பெற்றிசியா கையுறை கழற்றி, ஏப்ரன் மாற்றி, கை கழுவிப் போவாள். திரும்பி வந்தால் எல்லாம் முதலில் இருந்து. அவளுடைய பங்கு நண்டு குவிந்து கிடக்கும். பக்கத்தில் இருக்கிற மாக்கிறட் வாய்க்குள் புறுபுறுப்பாள். எனக்கும் பத்திக்கொண்டு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் யாரையும் ஏசவில்லை. வழிதான் தேடினேன்.

நண்டு அவிக்கிற ஆவி எனக்கு ஒத்துக்கொள்ளாது. தும்மலும் சொறியும் வந்துவிடும். அதற்கு டொக்டர் தந்த பாணிமருந்து எப்போதும் என் கைப்பையில் இருக்கும். குடித்தால் கண் சொருகும். அதில் விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தேன். இனிப்புத்தானே, சப்பிச் சப்பிக் குடித்தது. பிறகு நல்ல நித்திரை. ஒவ்வொரு நாளும் அப்படியே செய்தேன்.

பெற்றிசியாவுக்குச் சரியான சந்தோசம். "வீட்டிலை குழறிக் கூத்தாடுறவள், இஞ்சை என்ன மாதிரிக் கிடக்கிறாள் பாருங்கோ. உங்கடை கை ராசி, அக்கா" என்றாள்.

அவளுக்குத்தான் பால் கட்டி நெஞ்சு நொந்தது. சட்டை நனைந்துவிடும். கதவையே பார்ப்பாள். "ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ, அக்கா?" என்று கேட்பாள்.

"பிள்ளை அழேல்லையே" என்பேன். அது உண்மை. நான் பொய் சொல்வதில்லை. அவளும் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பாள்.

அன்றைக்குச் சோளகக் காற்று அடங்கி, பேசாலைப் படகுகள் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன. கொழும்புக்குப் போகிற லொறி வாசலில் நின்று ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. மேசையில் வைக்க இடமில்லாத அளவுக்கு நண்டு. விரலில் தொட்டு வைப்பது அன்றைக்குக் காணாது என்று பட்டது. கரண்டியால் பருக்கினேன். பிறகு பிள்ளை சிணுங்கினதுபோல் இருந்தது. இன்னொரு கரண்டி பருக்கினேன்.

பெற்றிசியா கேட்டுக்கொண்டே இருந்தாள். "பிள்ளையின்ரை நித்திரையைக் குழப்பாதை" என்றேன். லொறி நேரத்துக்குப் புறப்பட்டது. ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கை கழுவிக்கொண்டு ஓடினாள். அவள் குழறினது ஐஸ் மெசினின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

செத்தவீட்டில் அவள் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அழேல்லை எண்டு இருந்திட்டனே, அழேல்லை எண்டு இருந்திட்டனே." சனமும் அவளைத்தான் குறை சொன்னது. எனக்கு அது பொறுக்கவில்லை. மேசையை விட்டு எழும்பாமல் வேலை செய்த பிள்ளை அவள். அதனால்தான் நானாகப் பொலிசுக்கு வந்து சொல்கிறேன். மருந்தைக் கொடுத்தது நான். பிள்ளை செத்தது அதனால்தான். கரண்டியை எடுத்ததுதான் என் பிழை. விரலோடு நிறுத்தியிருக்கவேண்டும்.

போத்தல் கைப்பையில் இருக்கிறது. பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பித் தாருங்கள், ஐயா. நாளைக்கு நசீறா லீவு முடிந்து கைப்பிள்ளையோடு வேலைக்கு வருகிறாள்.