காய்ச்சலில் ஒரு குதிரை

— மெதுவாப் பேசுடி மரிசெல். உன் தம்பிக்கு ஆவிங்க அழைப்பு வந்திருக்கு. மேளம் அடிச்சு ஊர் நோய் தீர்க்கிற மாச்சியா ஆகப் போறான் நம்ம எலியாஸ்.

— வழி விடும்மா. போன்ல காய்ச்சல்னு மட்டும்தானே சொன்னே?

— வெறும் காய்ச்சலா அது? உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. கண்ணைத் திறந்துக்கிட்டே கனவு காண்றான். என் பெரியம்மா செத்ததோட நம்ம வீட்டுல மாச்சி மேளம் நின்னுது. இத்தனை வருஷம் கழிச்சு என் வயித்துல பொறந்தவன்கிட்ட வந்திருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து மாச்சிக்கு ஆள் அனுப்பியாச்சு, நாளைக்கு வரா. உன் மாமன் ஆடு பிடிக்கப் போயிருக்கான். சடங்குக்கு முதாய்க் கள்ளு காய்ச்ச கோதுமை வெந்துக்கிட்டு இருக்கு.

— எலியாஸ். டேய், அக்காடா. கையைக் குடு. பனிக்கட்டி மாதிரி இருக்கு. உதடு வேற நீலம் பாரிச்சுக் கிடக்கு.

— அக்கா... கனேலோ மரத்துல படி வெட்டியிருக்கு. என்னை ஏறச் சொல்றாங்க.

— கேட்டியா, கேட்டியா? மாச்சிங்க ஏறுற படி வெட்டின மரமாம். இவன் என்னைக்காவது மாச்சி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கானா? பந்துன்னா மட்டும்தான் ஓடுவான்.

— ஒண்ணுக்குப் போனானாம்மா?

— காலையில கொஞ்சம். கலங்கலா, ரத்தம் கலந்த மாதிரி. மாச்சி பார்க்கணும்னு பாட்டில்ல பிடிச்சு வச்சிருக்கேன்.

— அதை டாக்டரும் பார்க்கட்டும். மாத்திரை எங்க?

— நிறுத்திட்டேன்.

— என்னது?

— கனவு வந்ததும் நிறுத்திட்டேன். மாத்திரை உள்ள போனா அழைப்பு கலைஞ்சு போயிடும், கேட்டியா.

— உன் புத்தி எங்க மேயப் போச்சு? போன வாரம்தானே முதுகுல துளை போட்டு கிட்னிக் கல்லை உடைச்சு எடுத்தாங்க. அந்தக் கல்லுக்குள்ளயே கிருமி குடியிருக்கும்மா. உடைச்சா சில பேருக்கு ரத்தத்துல இறங்கும். நடுங்குவான், உளறுவான், அப்புறம் ஆளே இருக்க மாட்டான். காய்ச்சல்னா உடனே கிளம்புன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தெமூக்கோ ஆஸ்பத்திரி போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். வண்டிச் சாவியைக் குடு.

— தர மாட்டேன்.

— குடும்பத்துலயே முதல் பட்டம், என் பொண்ணு நர்ஸுன்னு ஊருக்கெல்லாம் சோபைபியா ரொட்டி சுட்டுப் போட்டியே. இப்ப அந்த நர்ஸ் சொல்றது காதுல ஏறலையா?

— உன் படிப்பு கல்லுக்குச் சரி. கல்லுன்னதும் நான்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்? இது கல்லு இல்லடி. என் அக்காவுக்கும் இப்படித்தான் அழைப்பு வந்துச்சு. மாட்டேன்னா. ஊசி மேல ஊசி போட்டாங்க. என் மடியிலயே போனா. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால ஆகாது.

— நாளைக்கு வந்து உங்க மாச்சி பிணத்துக்கா மேளம் அடிப்பா?

— வாயைக் கழுவுடி. அவன் கனவைக் கேளு முதல்ல. நீலக் குதிரை ஒண்ணு மலையிறங்கி வருதாம். முதுகுல ஆளில்லையாம், மேளம்தான் இருக்காம். கிருமிக்கு இப்படியெல்லாம் கதை கட்டத் தெரியுமா? பட்டம் வாங்கினவதானே, பதில் சொல்லு.

— சாவியைக் குடும்மா.

— பதிலைச் சொல்லு, தரேன்.

— ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி இவன் பயந்து தூங்காமக் கிடந்தான். பேச்சுக் குடுக்கணுமேன்னு நான்தான் அந்தக் கனவைச் சொன்னேன். மரம், குதிரை, எல்லாம். காய்ச்சல்ல அதையே உளறிக்கிட்டு இருக்கான்.

— நீ எங்க படிச்சே அதை?

— எங்கயும் படிக்கல. குளிர்காலம் பூரா எனக்கு வருது. சொன்னா வேலையை விடுன்னு நிப்பே. அதான் சொல்லல.

— பொய். அவனைக் கூட்டிட்டுப் போகப் பொய் சொல்றே. சரி, அந்தக் குதிரை வந்து என்ன பண்ணுச்சு? அவன்கிட்ட கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டேன். தெரியலைங்கிறான்.

— அதை மட்டும் அவன்கிட்ட நான் சொல்லல. வாசல்ல வந்து நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதும்மா. வரும்போதெல்லாம் கூப்பிடும். இதுவரைக்கும் நான் வாயைத் திறக்கல. இவன் பிழைக்கட்டும், நானே மாச்சியா வரேன்னு அதுகிட்ட சொல்லிடறேன். சாவியைக் குடு.