அவர் கேட்ட கவர்

கடலை நான் வாழ்க்கையில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் வாந்தி எடுத்தேன். முதல் முறை பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது. இரண்டாவது முறை கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். கடற்போர் நிபுணர் கடலில் இறங்கியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா.

நீங்கள் சொன்னபடி நிதானமாகவே சொல்கிறேன். எழுதுகிற ஏட்டையாவிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். டிரபால்கர் என்பதில் இரண்டு இடத்திலும் சின்ன ‘ர’. முப்பத்திரண்டு வருடம் வரலாற்று ஆசிரியராக இருந்தவன் கையெழுத்திடப்போகும் தாளில் பிழை இருக்கக்கூடாது.

பெயர் மரிய ஜோசப். வயது அறுபத்தாறு. உத்தமபாளையத்தில் மாடி வீடு. கம்பம் பள்ளத்தாக்கு கப்பல் தபால்தலைக் கழகத்தின் நிறுவனத் தலைவர். கழகத்தில் ஐந்து பேர் இருக்கிறோம். அதில் இருவர் டீக்காக வருகிறவர்கள். ஊரில் என்னை அட்மிரல் சார் என்பார்கள். அதில் கேலி இருப்பதாக என் மனைவி இவாஞ்சலின் சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

கடலே இல்லாத நாடுகள்கூடக் கப்பல் தபால்தலை வெளியிடுகின்றன. அப்படியிருக்க, நாலு பக்கமும் மலையும் நடுவில் வாழைத்தோட்டமுமாக இருக்கிற நமக்கு மட்டும் என்ன தடை? சலாமிஸிலிருந்து ஆரம்பித்து லெபாந்தோ, டிரபால்கர் என்று உலகின் பெரிய கடற்போர்களுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு தபால்தலைகள் சேர்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட விரலால் தொட்டதில்லை. இடுக்கிதான். விரலில் எண்ணெய் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. இந்த ஒரு விதியைக் கழகத்தில் எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்.

கமால் பாய் மட்டும் கேட்கமாட்டார்.

அவர் கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். தபால்தலைகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருப்பார். நாடும் கிடையாது, வருடமும் கிடையாது, எல்லாம் கலந்து கிடக்கும். வாழைக்கறை படிந்த விரலால் டிரபால்கரைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, “பாவம், எத்தன பயலுக வீட்டுக்குப் போகாமச் செத்தானுகளோ” என்பார். போரின் வியூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். இளம் வயதில் எட்டு வருடம் வளைகுடாவில் சரக்கு ஏற்றும் பாய்மரக்கலத்தில் வேலை பார்த்தவர். அதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. பத்து வருடப் பழக்கத்துக்குப் பிறகு, போன மாதம்தான் எங்கள் செயலாளர் பால்பாண்டி சொல்லித் தெரிந்தது.

நான் அவரை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு மதுரையில் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவன் நான். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருந்தார்கள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து எதில் வைப்பது என்று தெரியாமல் முழித்தார். தபால்தலை போட்டு வைக்கிற கண்ணாடித்தாள் கவர் ஒன்றை நான்தான் கொடுத்தேன். அன்றையிலிருந்து அது அவர் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. கழகக் கூட்டத்தில் எல்லோரிடமும் அதைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்.

“எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா இந்தக் கவர்ல இருக்கறத எடுத்து நாக்குக்கடியில வச்சிருங்கப்பா. அட்மிரல் சாரு இடுக்கியால வச்சாலும் சரிதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தேனியில் எங்கள் கண்காட்சி. கழகத்தின் பத்தாவது ஆண்டு. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சிறப்பு விருந்தினர். மேடையில் அவர் கையால் ஒரு சிறப்புக் கவர், அதாவது விழா நினைவாகப் படம் அச்சிட்ட அஞ்சல் உறை, வெளியிடுவதாக ஏற்பாடு. நான் நாலு மாதம் உட்கார்ந்து வரைந்த கவர். மூன்று பாய்மரம் கொண்ட போர்க்கப்பல், கீழே கழகத்தின் பெயர், அதற்கும் கீழே வடிவமைப்பு என்று என் பெயர். சிவகாசியில் ஆயிரம் அடித்து வந்திருந்தது. இவாஞ்சலின் ராயப்பன்பட்டிக்கு ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் மூன்று மணிக்கு, உதவி செய்ய கமால் பாய் வந்தார்.

மாடியில் மேசை முழுக்கக் கவர்களும் கண்ணாடித்தாள் உறைகளுமாகப் பரப்பி வைத்திருந்தேன். அவர் சிறப்புக் கவர் ஒன்றை எடுத்தார், விரலால்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“சாரே, ஒரு சந்தேகம். காத்து எங்கிட்டிருந்து அடிக்குது?”

“எந்தக் காற்று?”

“இந்தக் கவர்ல அடிக்கிற காத்து. பாயி பூராம் வலப்பக்கமாப் புடைச்சு நிக்குது. உச்சியில கொடியப் பாருங்க, இடப்பக்கமாப் பறக்குது. ஒரே கப்பலுக்கு ரெண்டு காத்தா சாரே?”

அந்தக் கவரை நான் இருநூறு முறையாவது பார்த்திருப்பேன். இருநூற்றோராவது முறை பார்த்தேன். அவர் சொன்னது சரி.

“அது ஓவியனின் சுதந்திரம்” என்றேன்.

“அப்ப கொடிக்கு மட்டும் சொதந்திரம் கெடச்சிருச்சுன்னு சொல்லுங்க” என்று சிரித்தார். மனம் நோகச் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு அப்படிச் சிரிக்கவே வராது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “விடுங்க சாரே. தப்பா அச்சாகுறதுக்குத்தான மவுசு சாஸ்தின்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீக? நாளைக்கு மேடையில நானே சொல்லிப்புடுறேன். ஆயிரமும் அங்கனயே வித்துப்போகும்.”

மேடை எனக்குக் கண்ணில் தெரிந்தது. முன்வரிசையில் கடற்படைக்காரர். ஒலிபெருக்கியில் வாழைக்காய் வியாபாரி. பால்பாண்டி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வாய் சும்மா இருக்காது. பாயப் பத்திப் பாய்க்குத்தானப்பா தெரியும் என்பான். சிரிப்பு பின்வரிசை வரை போகும். அட்மிரல் என்ற பெயரில் அதுவரை நான் கேட்காத கேலி, அந்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கேட்டுவிடும்.

நான் கோபப்படவில்லை. கண்காட்சிக்கான கண்ணாடிச் சட்டங்கள் பன்னிரண்டும் கீழே இருந்தன. படி ஏற எனக்கு மூட்டுவலி, கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்பது தெரியும். ஒரு நடைக்கு இரண்டு சட்டம். படிகள் பத்தொன்பது.

முதல் மூன்று நடை பேசிக்கொண்டே ஏறினார். நாலாவது நடையில் பேச்சு நின்றது. ஐந்தாவது நடையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “மிச்சத்தச் செத்த நேரம் கழிச்சு எடுப்பமா சாரே” என்றார். வெளிச்சம் போய்விடும் என்றேன். அப்போது மணி மூன்றே முக்கால். ஆறாவது நடையில் நடுப்படியில் அவர் நிற்கிற சத்தம் கேட்டது. அதாவது, காலடிச் சத்தம் கேட்காமல் போனது. நான் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்து சட்டங்களைச் சுவரில் பதமாகச் சாய்த்து வைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டார். வலது கையால் சட்டைப்பையைத் துழாவி அந்தக் கண்ணாடித்தாள் கவரை எடுத்தார். அது கைநழுவி மேசையில் விழுந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் அதே மாதிரி நாற்பது கவர்கள். எல்லாம் சரசரவென்று நகர்ந்தன. அவருடையது என் பக்கம் வந்தது.

காற்று எங்கிட்டிருந்து அடித்தது என்று கேட்டால், அந்த நேரத்தில் அவர் பக்கமிருந்து என் பக்கமாக அடித்தது.

“சாரே, கவரு… கவர எடுங்க” என்றார்.

இங்கேதான் நீங்கள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கவர் என்பது நம் ஊரில் பல பொருள் உள்ள சொல், அம்மா. காய்கறிக் கடையில் கேட்டால் பிளாஸ்டிக் பை. கடிதம் எழுதுகிறவன் கேட்டால் உறை. ஒரு தபால்தலைக் கழக உறுப்பினர் தன் தலைவரிடம் கேட்டால் அது அஞ்சல் கவர். அவர் கவர் கேட்டார். நான் சிறப்புக் கவர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். என் முதல் வாக்குமூலத்தில் இப்படித்தான் சொன்னேன். சொல்லளவில் அதில் பொய் இல்லை.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மாத்திரைக் கவரை நான் இடுக்கியால் எடுத்தேன். வழக்கம்தான். ஆல்பத்தில் டிரபால்கர் பக்கத்துக்குப் பின்னால் செருகினேன். மின்விசிறியை நிறுத்தினேன். டிரபால்கரில் குண்டடி பட்ட ஆங்கிலேய அட்மிரல் நெல்சனுக்கு உயிர் பிரிய மூன்று மணி நேரம் ஆனது. கமால் பாய்க்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நூற்றெட்டுக்கு அதற்குப் பிறகுதான் போன் செய்தேன். வந்தவர்கள் விரைவாகவே வந்தார்கள். அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

கண்காட்சியைத் தள்ளிவைக்கலாம் என்றான் பால்பாண்டி. கமால் பாயின் ஆன்மா அதை விரும்பாது என்றேன். காலையில் அடக்கத்துக்குப் போய்விட்டு நேராகத் தேனிக்குப் போனேன். ஒவ்வொரு கவரிலும் மூலையில் கறுப்புப் பட்டை ஒட்டி, கமால் நினைவு வெளியீடு என்று அறிவித்தேன். நான் பேசியபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். கடற்படைக்காரர் கவரைத் தூக்கிக் காட்டி, கப்பல் தத்ரூபம் என்றார். அவர் இருபது வருடமும் சமையல் பிரிவில் இருந்தவர் என்பது சாப்பாட்டின்போது தெரிந்தது. கொடியை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் துக்கம் விசாரிக்கப் போனேன். கமால் பாயின் மனைவி ரஹ்மத் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அவுக சட்டப் பையில மாத்திரக் கவரு இல்லையே சார். அது இல்லாம வாசப்படி எறங்க மாட்டாகளே. உங்க வீட்டுல எங்கனயும் கெடந்துச்சா?”

இல்லை என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. உங்களிடம் வந்திருக்கிறார்.

தூக்கி எறிந்திருந்தால் தப்பியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு சேகரிப்பாளனால் எதையும் தூக்கி எறிய முடியாது, அம்மா. அந்தக் கவரில் மாத்திரை நாலு இருந்தது. ஓரம் மடங்கவில்லை. ஆல்பத்தில் வைத்தது வைத்தபடி உங்களுக்குக் கிடைத்தது. அவர் கையில் கொடுத்த சிறப்புக் கவரும் உங்களிடம்தான் இருக்கிறது. அதில் அவருடைய கட்டைவிரல் ரேகை வியர்வையோடு பதிந்திருக்கிறது. ஆயிரத்தில் அப்படி இருப்பது அது ஒன்றுதான். வழக்கு முடிகிற வரைக்கும் உங்கள் ஆட்கள் அதை இடுக்கியால் எடுத்தால் நல்லது.

கழகத்தின் மானத்துக்காகச் செய்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை வருட உழைப்பை ஒரு சிரிப்புக்குத் தின்னக் கொடுக்க முடியுமா? நீங்கள் படித்தவர், உங்களுக்குப் புரியும்.

ஒரு வரி விட்டுப்போயிற்று. அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். நான் கொடுத்த கவரைப் பார்த்துவிட்டு அவர் இன்னொரு முறை பேசினார். “இது இல்ல சாரே… மாத்திரக் கவரு” என்றார். தெளிவாகவே சொன்னார். எனக்குப் புரிந்தது. உண்மையில் முதல் முறை கேட்டபோதே புரிந்துவிட்டது. சட்டங்களைத் தூக்கச் சொன்னதும் மூட்டுவலியால் அல்ல, எனக்கு மூட்டில் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே என்ற சொல்லை எங்கே போட வேண்டுமோ அங்கே போடுங்கள். கொலை என்றே எழுதுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கொடி விஷயம் வருகிற பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள், அம்மா. வழக்குக்கு அது தேவைப்படாது. இதுவரை யாரும் கவனிக்கவில்லை.