தங்கைக்கு நான் பார்த்த மாப்பிள்ளை

தங்கைக்குக் கல்யாணம் செய்துவைப்பது நல்ல காரியம் என்றுதான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆராய்ச்சி நெறிமுறைக் குழு கூடி விசாரிக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறதென்று இன்னும் பிடிபடவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

மாப்பிள்ளை எங்கள் ஆய்வகத்துக்கு நோயாளியாகத்தான் வந்தார். கொஞ்சம் குளிர்காற்று பட்டால் போதும், உடம்பெல்லாம் சிவந்து தடித்துக் காய்ச்சல் கண்டுவிடும். அதனாலேயே பேக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் வேலை தேடிக்கொண்டவர். உலகத்தில் யாரிடமும் கண்டிராத ஒரு மரபணுப் பிழையை அவர் ரத்தத்தில் கண்டுபிடித்தேன். சந்தோஷத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் கை சில்லென்று இருந்ததால் கழுத்தும் தடித்துவிட்டது.

ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். ஒரே ஆளை வைத்து எப்படி நம்புவது, அவர் குடும்பத்தில் இன்னொருவரிடமும் காட்டு என்று திருப்பிவிட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பெயருக்கு ஒரு சித்தப்பாகூட இல்லை. இருக்கிற குடும்பம் போதாதென்றால் புதிதாக ஒன்றை உண்டாக்கத்தானே வேண்டும்?

என் தங்கை கணக்கு டீச்சர். வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அவரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மின்விசிறியை நானே நிறுத்தினேன். வியர்த்து வழிய வழிய இருவரும் சிரித்துப் பேசினார்கள். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

சம்மதம் சொல்வதற்கு முன் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பிள்ளைங்களுக்கு வருமாண்ணா? உனக்குத்தானே தெரியும்."

"வராதும்மா. நான் சொல்றேன்ல."

பாதிக்குப் பாதி வர வாய்ப்புண்டு என்று எனக்குத் தெரியும். நல்ல காரியத்தின்போது புள்ளிவிவரம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிரசவத்தன்று எல்லோரும் பழம் வாங்கி வந்தார்கள். நான் ஐஸ் பெட்டியோடு போனேன். நர்ஸம்மா ஐஸ்கிரீம் என்று நினைத்து ஒரு கப் கேட்டார். தொப்புள்கொடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் குழந்தையிடம் அந்தப் பிழை இல்லை. நம்ப முடியாமல், குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் ஜன்னலைத் திறந்து குளிர்காற்றில் காட்டினேன். அது பொக்கைவாயைத் திறந்து சிரித்தது. மொட்டை மாடிக்குப் போய் விம்மி விம்மி அழுதேன். தங்கை பின்னாலேயே வந்து என்னவென்று கேட்டாள். துக்கத்தில் எல்லாவற்றையும் உளறிவிட்டேன்.

"என் பிள்ளை நல்லா இருக்குன்னு நீ அழற. நீ எனக்கு யாருண்ணா?" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டுக் கதவு திறப்பதில்லை. உங்களுக்குப் புகார் எழுதியதும் அவள்தான். மறுபடி உண்டாகியிருக்கிறாளாம், பேக்கரி முதலாளி சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் காவலரிடம் இப்போதே என் படத்தைக் கொடுத்துவைத்திருக்கிறாளாம்.

என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், மறுபேச்சு பேசமாட்டேன். அவளிடம் மட்டும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாசத்தைத் தவிர என் மனதில் ஒன்றுமில்லை. இந்தக் குழந்தையாவது அப்பாவை உரித்துவைத்தாற்போல் பிறக்க வேண்டும் என்று எந்தத் தாய்மாமனுக்குத்தான் ஆசை இருக்காது?