ஃபீனே இல்லாத பாட்டு

எனக்கு இசை என்றால் உயிர். எங்கள் பனியன் கம்பெனியில் டைலர்கள் தூங்கிவிடாமல் இருக்க நாள் முழுக்கப் பாட்டு ஓடும்.

மகள் ஜோதிகாவுக்குக் கீபோர்டு சொல்லித்தர, சர்ச்சில் வாசிக்கும் பூபாலன் மாஸ்டரை அமர்த்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இத்தாலிச் சொற்கள் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். டா கபோ என்றால் மறுபடி முதலிலிருந்து. ஃபீனே என்று போட்ட இடத்தில் முடித்துவிட வேண்டும். டா கபோ எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தையல் கோணினால் நான் கத்துவதில்லை. "டா கபோ" என்பேன். பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பார்கள். திட்டாத முதலாளி என்று பெயர் எனக்கு.

அன்று எங்கள் பனியன்களை வாங்கும் பையர் இத்தாலியிலிருந்து வந்திருந்தார். அவர் நாட்டுப் பாட்டை என் மகள் வாசித்தால் மனுஷன் சொக்கிப்போக மாட்டாரா? ஆபீசுக்கு மேலே இருந்த துணி குடோனில் கீபோர்டை வைத்து, அவளை உட்காரவைத்து, வெளியே பூட்டினேன்.

"ஏனுங்க, புள்ளைக்கு வீசிங் இருக்குதுங்க. அந்தப் பஞ்சுத் தூசியில வேண்டாமுங்க" என்றாள் மனைவி கீதாஞ்சலி.

வீசிங் எல்லாம் பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கும் வித்தை. அதனால்தான் இன்ஹேலரை முன்பே வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஃபீனே எப்பங்கப்பா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஜோதிகா.

"நாஞ் சொல்றப்ப கண்ணு."

முதலில் தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. நடுவில் கதவைத் தட்டினாள். படியடியில் நின்று "டா கபோ" என்று குரல் கொடுத்தேன். பிறகு பாட்டு சுத்தமாக வர ஆரம்பித்தது. ஒரு பிசிறு இல்லை. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது.

"இதற்கு ஃபீனேயே கிடையாதா?" என்று பையர் சிரித்தார்.

"எங்கள் வீட்டில் கிடையாது" என்றேன். இருவரும் நன்றாகச் சிரித்தோம்.

விருந்து முடிந்து, அவரை வழியனுப்பிவிட்டு வந்து கதவைத் திறந்தேன். ஜோதிகா துணி ரோல்கள் மேல் சாய்ந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கீபோர்டு தானாக வாசித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை சரியாக வாசித்ததைப் பதிவுசெய்து, அதுவே திரும்பத் திரும்ப ஓடும்படி பட்டனை அமுக்கியிருக்கிறாள்.

பூட்டியது நான். இன்ஹேலரை எடுத்துக்கொண்டதும் நான். மறுக்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் சார், பெற்ற அப்பனையே அவள் ஏமாற்றியதைப் பற்றி உங்கள் ரைட்டர் ஒரு வரிகூட எழுதவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து எழுதச் சொல்லுங்கள்.