ஜோதிலிங்கத்தின் ஹிந்தி

ஹிந்தியில் ஒன்றரைக்கு ‘டேட்’, இரண்டரைக்கு ‘டாயி’. ஊரிலிருந்து புதிதாக டில்லிக்கு வருகிற நம் ஆட்கள் எல்லோரும் முதலில் வழுக்கி விழுவது இந்த இரண்டில்தான். சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு ஒன்றரைக் கிலோ வெங்காயம் வாங்கப் போய், இரண்டரைக் கிலோவைத் தூக்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி வருவார்கள். ஜோதிலிங்கத்தை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

உங்களுக்கு வீண் சிரமம் சார். என்னிடம் பேச ஒரு தமிழ் அதிகாரி வேண்டும் என்று உங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். நான் ஹிந்தியிலேயே சொல்லியிருப்பேன், இந்த ஸ்டேஷனில் இருக்கிறவர்களைவிட நன்றாகவே சொல்லியிருப்பேன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா பார்த்த மத்திய சர்க்கார் உத்தியோகத்தைத்தான் நானும் லோதி ரோட்டில் பார்க்கிறேன். ராமமூர்த்தி என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் எந்தத் தமிழ்க் குடும்பமும் கை காட்டும். ஹிந்திக்காரனிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

ஜோதிலிங்கம் கோவில்பட்டிக்காரன். எங்கள் செக்ஷனுக்கே மாற்றலாகி, மனைவி காந்திமதியோடும் சின்னப் பெண்ணோடும் எங்கள் வரிசையிலேயே குடிவந்தான். என்னைவிட வயதில் இளையவன், என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். ஐந்து வருஷம் அவனுக்கு வாய் நான்தான் சார். காஸ் சிலிண்டருக்குப் பேசினேன், பெண்ணை ஸ்கூலில் சேர்க்கப் பேசினேன், காந்திமதி டைபாய்டில் கிடந்தபோது டாக்டரிடம் பேசினேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் போன பிறகு சாயங்காலங்களில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வீடுதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹிந்தியில் கேட்டதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டால் சப்பென்று போய்விடும். மேல் வீட்டு சர்தார்ஜி சிரித்துக்கொண்டே, “மாடியில் தாராளமாகத் துணி காயப்போடட்டும்” என்பார். நான் இந்தப் பக்கம் திரும்பி, “மனுஷன் கொதிச்சுப் போயிருந்தார். நான்தான் பேசிச் சமாதானம் பண்ணியிருக்கேன்” என்பேன்.

“நல்ல வேளை, நீங்க இருந்தீய அண்ணாச்சி” என்பான் ஜோதிலிங்கம். அன்றைக்கு ராத்திரி காந்திமதி புளிக்கொழம்பும் சுட்ட அப்பளமும் கொடுத்தனுப்புவாள். அவர்களுக்குத் துணி காய்ந்தது, எனக்குக் கொழம்பு வந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

போன மார்ச்சில், அதாவது 2003 மார்ச்சில், சர்க்கார் செலவில் ஊர் சுற்ற விடும் எல்.டி.சி. எடுத்துக்கொண்டு நானும் ஜோதிலிங்கமும் இராஜமாணிக்கமும் அந்தமான் போனோம். இராஜமாணிக்கமும் எங்கள் ஆபீஸ்தான். பெண்ணுக்குப் பரீட்சை என்று காந்திமதி வரவில்லை. ஆழ்கடலில் முக்குளிக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே ஹேவ்லாக் தீவில் நான் ஸ்கூபா கற்றுக்கொண்டவன். காற்று அடைத்தால் உப்பி மிதக்கவைக்கும் சட்டையைப் போட்டு, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கவேண்டும். கீழே ஒரு சத்தம் கிடையாது, யாரும் யாருக்கும் எதையும் எடுத்துச் சொல்லத் தேவையும் கிடையாது. இராஜமாணிக்கத்துக்குத் தண்ணீரைக் கண்டாலே உதறல். இளநீரும் கையுமாகக் கரையில் உட்கார்ந்துவிட்டார். ஜோதிலிங்கம் பயிற்சிக்குச் சேர்ந்தான். பண்ட்டி என்ற பையன் ஹிந்தியில் சொல்லிக்கொடுத்தான், நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜோதிலிங்கத்தைத் தேடிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனேன். அங்கே ஒரு பெங்காலி அம்மாள் கீற்றுத் தட்டியை வைத்து டீக்கடை போட்டிருக்கிறாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அவளோடு யாரோ ஹிந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரளமான ஹிந்தி. வல்லின மெல்லினம் கொஞ்சம் இடறியது, அவ்வளவுதான். குரல் ஜோதிலிங்கத்தினுடையது.

அவள் கேட்டாள், இவ்வளவு நன்றாகப் பேசுகிற நீ ஏன் அந்த ஆளிடம் ஊமை மாதிரி நிற்கிறாய் என்று. அவன் சொன்னான். எங்கள் ஆபீஸில் ஹிந்தி தெரியாதவர்களுக்கு வகுப்பு எடுத்து ப்ராக்யா என்று ஒரு பரீட்சை வைப்பார்கள். அதை எழுதிப் பாஸாகி ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். “அவரிடம் சொன்னால் மனசு உடைந்துபோவார். இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துத்தான் சொல்லுவார், சொல்லிவிட்டுப் போகட்டும். எங்களை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பேச்சாரா” என்றான்.

பேச்சாரா என்றால் ஐயோ பாவம் என்று அர்த்தம் சார். தமிழ்க் காதுக்கு, பேசுகிறவன் என்று கேட்கும்.

அப்படியானால் ஒரு வருஷமாக நான் சொன்ன ஒவ்வொரு பொய்யும் அவனுக்குப் பொய் என்று தெரிந்திருக்கிறது. சர்தார்ஜி சிரித்துக்கொண்டே சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு, “நல்ல வேளை, நீங்க இருந்தீய அண்ணாச்சி.” புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்குள் போய்ச் சிரித்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அவர்கள் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டு அடுப்பில் கொழம்பை வைத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கோபம் என்று சொல்லமாட்டேன். கோபத்தில் செய்தது என்று எழுதிவிடாதீர்கள். டீ குடிக்காமல் திரும்பிவிட்டேன், ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கடைசிப் பயிற்சி. சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனால் எப்படி மேலே வருவது என்பது பாடம். விஷயம் ரொம்பச் சுலபம். ஆழத்தில் இழுத்த மூச்சு, மேலே வர வர நெஞ்சுக்குள் ஊதிக்கொண்டே போகும். அதனால் ‘ஆ’ என்று சத்தம் கொடுத்து, மூச்சை விட்டுக்கொண்டேதான் வரவேண்டும். அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். படகில் வைத்துப் பண்ட்டி இதை விரல் நீட்டிச் சொன்னான். “ஊபர் ஆதே வக்த் ஸான்ஸ் மத் ரோக்னா.” மேலே வரும்போது மூச்சை அடக்காதே.

நான் ஜோதிலிங்கத்தின் பக்கம் திரும்பினேன். “மேல வரும்போது மூச்சை நல்லா இழுத்துத் தம் கட்டிக்கணுமாம். விட்டா தண்ணி உள்ள போயிடும்ங்கறான்” என்றேன்.

“தம் கட்டணுமா அண்ணாச்சி? விடக்கூடாதுன்னா சொல்லுதான்?”

“விடவே கூடாது.”

“சரி அண்ணாச்சி. நீங்க சொன்னா சரிதான்.”

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, திருத்திக்கொள்ள எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறான். அதிலும் பரிதாபம்தான். இவ்வளவு தெரிந்தவன், ‘அப்படி இல்லை அண்ணாச்சி, அவன் மூச்சை விடச் சொல்லுதான்’ என்று பண்ட்டியின் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் தண்ணீரில் இறங்கியிருக்கவே மாட்டேன். என்னைத் தலைகுனிய வைக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டான்.

அடியில் வெள்ளை மணல். பண்ட்டி எங்களோடு பயின்ற புனேக்காரப் பெண்ணை முதலில் மேலே அழைத்துப் போனான். படகிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கச் சொல்லி எங்களுக்குச் சைகை காட்டினான். நான் பழகியவன் என்பதால் ஜோதிலிங்கத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனான், அந்தப் பையன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. அவர்கள் தலை மறைந்ததும் நான் ஜோதிலிங்கத்துக்குக் கட்டைவிரலை உயர்த்தினேன். தண்ணீருக்குள் அதற்கு ‘மேலே போ’ என்று அர்த்தம். அவன் மூச்சை இழுத்தான், மணலை உதைத்து எழும்பினான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குமிழ் வந்தது சார். ‘ஆ’ என்று, பண்ட்டி சொன்னபடியே, சரமாகக் குமிழ் விட்டுக்கொண்டு போனான். என் தமிழை விட்டுவிட்டு அந்தப் பையனின் ஹிந்தியை நம்பினான்.

பின்னாலேயே போய்க் காலைப் பிடித்து இழுத்துவந்தேன். அவன் திமிறவில்லை. ஏதோ ஆபத்து, அண்ணாச்சி காப்பாற்ற வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான் போல, உடம்பைத் தளர்த்திக் கொடுத்தான். மணலுக்கு வந்ததும் மூச்சை இழு என்று சைகை காட்டினேன். நெஞ்சு நிறைய இழுத்தான். உடனே குழாயை வாயிலிருந்து பிடுங்கி, உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் சேர்த்து அழுத்தினேன். இன்னொரு கையால் அவன் சட்டையில் காற்று நிரப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். சட்டை பலூனாக உப்பி எங்கள் இரண்டு பேரையும் மேலே தூக்கியது.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முழங்காலால் என் வயிற்றில் உதைத்தான். நகத்தால் என் முன்கையைக் கீறிக் கிழித்தான். என் உள்ளங்கையைக் கடித்தான், பாருங்கள், இன்னும் தழும்பு இருக்கிறது. பல் எலும்பு வரைக்கும் போயிற்று. எனக்கும் வலித்தது, கையை எடுக்கவில்லை. அவன் நெஞ்சு என் நெஞ்சுக்கு நேராக உப்பிக்கொண்டே வந்தது. உள்ளே ஏதோ விட்டுப்போனது என் கைக்குத் தெரிந்தது, துணி கிழிகிற மாதிரி. அதற்குப் பிறகு அவன் கடிக்கவில்லை. ஆழத்தில் ரத்தம் பச்சையாகத் தெரியும் சார், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மேலே வர வரத்தான் சிவக்கும்.

படகில் ஏற்றியபோது உயிர் இருந்தது. வாயிலும் மூக்கிலும் சிவப்பு நுரை வந்துகொண்டே இருந்தது. கழுத்து வீங்கி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுநொறுத்தது. கண் நிலைகுத்தாமல் என் பக்கமே திரும்பித் திரும்பி வந்தது. நுரைக்கு நடுவில் ஏதோ முனகினான். பண்ட்டி பதறிப்போய், “க்யா போல் ரஹா ஹை? ஜல்தி போலோ பையா” என்று என்னிடம்தான் கேட்டான். என்ன சொல்கிறான் என்று வேறு யாரைக் கேட்பான்? மறந்துபோய் மூச்சை அடக்கிவிட்டானாம் என்று சொன்னேன். ஜோதிலிங்கம் சொன்னது அண்ணாச்சி என்ற ஒரு வார்த்தைதான். என்னைக் கூப்பிட்டானா, காட்டிக்கொடுத்தானா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. துறைக்கு வருவதற்குள் போய்விட்டான்.

அங்கே போலீஸ் விபத்து என்று எழுதினார்கள். என் கைக் காயங்களைப் பார்த்துவிட்டு, காப்பாற்றப் போராடியிருக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னார்கள். உடம்பை ஊருக்குக் கொண்டுபோக எல்லா ஏற்பாடும் நான்தான் செய்தேன். காரியம் முடிந்து, பெண்ணின் படிப்புக்காகக் காந்திமதி டில்லிக்குத் திரும்பி வந்தாள். இனி அவளுக்கு எல்லாமே நான்தான் பேசியாகவேண்டும். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

முந்தாநாள், அந்தமானிலிருந்து வந்த கேஸை முடிக்க அவளிடம் வாக்குமூலம் வாங்கவேண்டும் என்று இந்த ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் வந்தேன். யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

காந்திமதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. மூச்ச அடக்காதேன்னு அந்தப் பையன் இந்தியில சொன்னானாம்லா, அவன்கிட்ட கேட்டுட்டு இராஜமாணிக்கம் அண்ணன் சொன்னாவ. அவுகளுக்கு இந்தி தெரியுமே. பொறவு எப்படி அடக்குவாவ? ஒங்க கையில அந்தப் பல்லு எப்படிப் பட்டுச்சு?”

நான் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினேன். எல்லாம் விதி, தனக்கு யார்மேலும் சந்தேகம் இல்லை என்று சொல்கிறாள் என்றேன். அவர் பேனாவை எடுத்தார்.

காந்திமதி நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்தாள். வகுப்பில் படித்ததையெல்லாம் ஜோதிலிங்கம் வீட்டில் அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? “சாப், யே ஜூட் போலா. மேரா ஆத்மி கோ யே மாரா” என்றாள். இவர் சொன்னது பொய், என் புருஷனை இவர்தான் கொன்றார்.

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் அதையே சொன்னாள், அதே தப்போடு. அர்த்தம் யாருக்கும் புரியும்தான். ஆனால் அது எழுத்தில் ஏறப்போகிறது, நாளைக்கு ஜட்ஜ் படிக்கப்போகிறார். என் காது கூசியது சார். இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட வீட்டுப் பெண் நாலு பேர் சிரிக்கும்படி பேசலாமா?

“மேரா வராதும்மா, மேரே. அப்புறம் யே இல்ல, இஸ்னே” என்றேன். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, முழு வாக்கியத்தையும் நிறுத்தி, சுத்தமாகச் சொன்னேன். “மேரே ஆத்மி கோ இஸ்னே மாரா.” இஸ்னே, அதாவது ‘இவர்தான்’, என்னும்போது யாரைச் சொல்கிறாள் என்று குழப்பம் வரக்கூடாதே என்று என்னை நானே விரலால் காட்டினேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பி, “டீக் ஹை?” என்று கேட்டார்.

வாசித்துப் பார்த்தேன். இப்போது சரியாக இருக்கிறது என்றேன்.