வெறுங்கை

— என்ன தாத்தா, இப்படி மூச்சு வாங்குது? ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா?

— உன்னைவிட ஒரே ஒரு வயசு மூத்தவன்டா நான், மார்லஸ்.

— அமெரிக்கன் ஃபுட்பால்ல முப்பத்தஞ்சு வயசுல பந்து பிடிக்க ஓடுறவன் தாத்தாதான். சரி ஓரன், ஆட்டம் முடிய இன்னும் அரை நிமிஷம். இன்னைக்கு எத்தனை பந்து பிடிச்சே?

— பாப்போம்.

— பாப்போம்கிறது ஒரு நம்பரா? நான் சொல்றேன், கேட்டுக்கோ. முட்டை! நல்ல பெரிய வாத்து முட்டை.

— ஆட்டம் முடியலை மாப்ளே.

— நூத்தி எழுபத்தஞ்சு ஆட்டம்! பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட நீ வெறுங்கையோட வீட்டுக்குப் போனதில்லைன்னு ஊரே பேசுது. வெள்ளிக்கிழமை டிவியில உங்கம்மாவைக் காட்டினாங்க. லூசியானாவுல அடுப்படியில நின்னுக்கிட்டு, "எம்மவன் முதல் பந்தைப் பிடிச்சப்புறம்தான் எண்ணெயில மீனைப் போடுவேன், அதுவரைக்கும் வீட்டுல யாருக்கும் சோறு கிடையாது"ங்கிறாங்க. பாவம், இன்னைக்கு மொத்தக் குடும்பமும் பட்டினி!

— எங்கம்மாவைப் பத்தி நீ கவலைப்படாதே. உன் காலைப் பாரு. இதோ, பந்து கிளம்புது.

— வரட்டும்... வரட்டும்... ஆங்! தட்டிட்டேன் பாத்தியா? பந்து எங்க போச்சு தாத்தா? கேமராக்காரன் மடியில! எந்திரி, கை குடு.

— கையை எடுடா. எனக்கே எந்திரிக்கத் தெரியும்.

— நாலு தடவை உனக்கு எறிஞ்சாங்க, நாலையும் தட்டியாச்சு. போ, உங்க ஆளுங்களோட கூடிப் பேசு. அழணும்னா அங்கேயே அழு.

— வந்து சொல்றேன் மாப்ளே.

— அண்ணே, மார்லஸண்ணே! எப்படிண்ணே கரெக்டா முன்னாடியே தாவுறீங்க? பந்தை எறியறவன் கையைத் தூக்கறதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்களே!

— கேலப், கிட்ட வா. ஹெல்மெட்டோட ஹெல்மெட் ஒட்டற மாதிரி வா. சத்தமாப் பேசாதே. அவன் இடது கையுறையைப் பாத்திருக்கியா?

— எல்லாரும் போடறதுதானேண்ணே?

— போடறது இல்லடா, இழுக்கறது! பந்து தனக்கு வருதுன்னா கோட்டுல வந்து நிக்கும்போதே உறையைப் பல்லால கவ்வி ஒரு இழு இழுப்பான். வராதுன்னா இழுக்க மாட்டான். பதினோரு வருஷமா அவனுக்கே தெரியாம ஒட்டிக்கிட்ட பழக்கம். இது தெரிஞ்ச ஒரே ஆளு இந்த நாட்டுலேயே நான்தான்.

— அடப்பாவி! ஒரு தடவைகூட தப்பினது இல்லையா?

— ஒரு தடவைகூட இல்ல. கடவுள் சத்தியமா. நீ பின்னாடி நின்னு அவன் வாயையே பாரு. இழுத்தான்னா மத்ததெல்லாம் விட்டுட்டு ஓடி வந்துடு. ரெண்டு பேரும் சேந்து அமுக்கிடலாம்.

— அப்போ அந்தப் பக்கம் பந்து பிடிக்க நிக்கிற அவங்க ஆளு ஹாலிஸை யாருண்ணே பாப்பா?

— அவனை எதுக்குப் பாக்கணும்? ஓரனுக்கு இதுதான் கடைசி வருஷம், தோத்தா இதுவே கடைசி ஆட்டம். அவன் பேரைக் காப்பாத்த அவன் ஆளுங்க அவனுக்குத்தான் எறிவாங்க. தோ வரான். பாரு... இழுக்கலை பாத்தியா? இது அவனுக்கு இல்ல.

— ஆமாண்ணே! வேற ஒருத்தன் பந்தைத் தூக்கிட்டு நடுவால ஓடுறான்! நம்மாளுங்க அவனைப் பிடிச்சிட்டாங்க, பிடிச்சிட்டாங்க!

— சொன்னேன்ல? போ, உன் இடத்துல நில்லு.

— என்ன மாப்ளே, அந்தத் தம்பி காதுல என்ன ஓதினே?

— குளிருதுன்னான். ஏரிக்காத்து இன்னைக்கு எலும்புல போய்க் குத்துதே. உங்க கோச்சு ஆட்டத்தை நிறுத்திட்டாரா? நல்லது, ஒரு நிமிஷம் பேசலாம். இன்னும் பன்னெண்டு கெஜம், ஒன்பது செகண்டு, நாலு பாயிண்ட் பின்னாடி. பந்தோட கோட்டைத் தாண்டி ஆறு பாயிண்ட் எடுக்கலேன்னா உன் கதை முடிஞ்சுது.

— தாண்டினா?

— தாண்டினா அடுத்த சுத்து. பதினோரு வருஷமா நீ ஆடாத சுத்து. நான் மூணு தடவை ஆடி, கோப்பை ஜெயிச்சவங்களுக்குக் குடுக்கற மோதிரமும் ஒண்ணு வாங்கிட்டேன். தூங்கும்போதுகூட கழட்ட மாட்டேன், எம் பொண்டாட்டி திட்டுவா.

— எனக்கு அது வேணும் மாப்ளே. மோதிரத்தைச் சொல்லலை. அந்தச் சுத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஓடணும்.

— அட, இப்போதான் உண்மை வெளிய வருது! ஆனா பாரு, நிஜமாச் சொல்றேன், நீ இல்லாட்டி எனக்கும் போரடிக்கும். ஹவாய்ல ஒரு வாரம் நட்சத்திர ஆட்டத்துக்கு ஒரே அணியில இருந்தோமே, ஆறு வருஷம் ஆச்சா?

— ஆச்சு. கடைசி நாள் ராத்திரி கடற்கரையில பன்னி சுட்டாங்க.

— மூக்குமுட்டக் குடிச்சேன். அது ஒண்ணுதான் ஞாபகம். என்ன உளறினேனோ!

— நிறையப் பேசினே.

— பேசியிருப்பேன். வாய் இருக்கே, சும்மா இருக்குமா? சரி, விசில் ஊதிட்டாங்க. போயிட்டு வா தாத்தா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே.

— இந்தப் பந்துல நான் உன்னை அழ வைக்கப் போறேன் மாப்ளே.

— பாப்போம்! ஹா, உன் பாட்டையே நானும் பாடறேன் பாரு. கேலப்! டேய் கேலப்! பாத்தியா?

— இழுத்தான்ணே! பல்லால இழுத்துட்டான்!

— வாடா அப்போ! விடாதே! உள்பக்கம் நீ, வெளிப்பக்கம் நான்! எங்கடா ஓடுவே தாத்தா, எங்க ஓடுவே? மூலையில மாட்டிக்கிட்டியா? கையை எங்கே நீட்டறே, நீட்டு பாக்கலாம்!

— நான் நீட்டலையே மாப்ளே.

— ஏன்... பந்து எங்கே? கேலப், பந்து எங்கேடா?

— அண்ணே... ஐயோ அண்ணே... ஹாலிஸுண்ணே! தனியா நின்னான்! சுத்தி ஒரு ஈ காக்கா கிடையாது! கோட்டுக்குள்ள பிடிச்சிட்டான்ணே!

— என்னடா சொல்றே?

— முடிஞ்சு போச்சுண்ணே. தோத்துட்டோம். ஒருதடவைகூட தப்பாதுன்னு சத்தியம் பண்ணீங்களே!

— நீ போடா. போய் தண்ணி குடி. ஓரன், ஏய் ஓரன், நில்லு! நீ உறையை இழுத்தியே!

— இழுத்தேன்.

— உனக்கு எறிய வேண்டிய பந்துதானே அது? பந்தை எறியற உங்காளு மாத்திட்டானா?

— அவன் எனக்குத்தான் எறிவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். பேரு போயிடும், ஒண்ணாவது பிடின்னான். நான்தான் ஹாலிஸுக்கு எறிடான்னு சொன்னேன். ரெண்டு பேரும் என்கூட வந்துடுவீங்கன்னு தெரியும்.

— எப்படித் தெரியும்? அந்த விஷயம் உனக்கு எப்படிடா தெரியும்?

— ஹவாய்ல நீயே சொன்னே. பன்னிக்கறியை மென்னுக்கிட்டே, என் தோள்ல கை போட்டு, "உறையை இழுக்காதேடா முட்டாள்"னே. அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

— ஆறு வருஷமா? ஆறு வருஷமாத் தெரிஞ்சும் இழுத்துக்கிட்டே இருந்தியா? எத்தனை பந்தைத் தட்டியிருக்கேன் நான்!

— தட்டு தட்டுன்னு தட்டினே. ஒரு தடவை பொய்யா இழுத்திருந்தாலும் அப்புறம் நீ நம்பியிருக்க மாட்டே. இன்னைக்கும் நாலு தடவை நெஜமாத்தான் இழுத்தேன், அஞ்சாவதை நீ நம்பணும்னு.

— பைத்தியக்காரா, உன் நூத்தி எழுபத்தஞ்சு ஆட்டம்! இன்னைக்கு வெறுங்கையோட போறியேடா! அங்க உங்கம்மா அடுப்புல எண்ணெயை வச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருப்பாங்களே!

— இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருப்பா மாப்ளே. காலைலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன்: "அம்மா, இன்னைக்கு நான் பந்து பிடிக்கறதா இல்ல, நீ மீனைப் போட்டுடு."