நெட்டைச் சைக்கிளும் குட்டைச் சைக்கிளும்

அப்படி இல்லைங் தம்பி, காலைத் தூக்கிப் போடாதீங்க. இது நம்மூட்டுச் சைக்கிள் மாதிரி ஏர்றது இல்ல. மொதல்ல ஈசிசேர்ல ஒக்கார்ற மாதிரி ஒக்காரணும், பொறவு சாஞ்சுக்கணும், அதுக்கப்புறந்தான் காலை முன்னால நீட்டிப் பெடல்ல வைக்கணும். ஆங், அதேதான். முதுகை விட்ருங்க, சீட்டு தாங்கிக்கும்.

விழமாட்டீங்க. விழுந்தாலும் தரை பக்கத்துலதான இருக்குது.

தமிழ்செல்விங்கறது நாந்தானுங்க, போன்ல பேசுனது. ப்ரசன்னான்னு நீங்க பேரு சொன்னப்ப டெல்லியிலயே பொறந்த பையன்னு நெனச்சேன், தமிழ் நல்லாப் பேசறீங்க. குர்காவுன்ல இருந்து கிட்வாய் நகர் வரைக்கும் இதுக்குன்னே வந்திருக்கீங்க, நல்லாப் பாத்தே எடுத்துக்குங்க.

எதுக்கு ரெண்டு சைக்கிளுன்னா, ஒண்ணு வாங்குனா ஒப்பிட முடியாதில்லீங்களா. எங்கூட்டுக்காரரு கதிரவன், மினிஸ்ட்ரில டைரக்டரா இருக்காருங்க. ஊட்டுக்குக் கத்திரிக்கா வாங்கறதுன்னாக்கூட ரெண்டு கடையில வெல கேட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். முதுகுவலின்னு டாக்டருகிட்டப் போனாரு. குனிஞ்சு சைக்கிள் ஓட்டாதீங்கன்னு அவரு சொல்லிட்டாரு. பொறவு இவரு நேரு பார்க்ல ஒரு வெள்ளக்காரரு படுத்துக்கிட்டே ஓட்டிட்டுப் போறதப் பாத்தாரு, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிப் போற எம்பசிக்காரங்க ரெண்டு பேருகிட்ட இருந்து இந்த ரெண்டையும் கொண்டாந்து ஹால்ல நிறுத்திட்டாரு. சோபாவைப் பால்கனிக்குத் தாட்டி உட்டாச்சு.

ஒடனே ஒரு கமிட்டிங்க. அவரு தலைவரு. கீழ்வீட்டு ஆல்பர்ட் சாரு உறுப்பினரு, அவரு ஆடிட்டுல இருக்காரு. நானு பயனாளி. சிரிக்காதீங்க, அப்படித்தான் சொன்னாரு.

ஞாயித்துக்கெழம காலனிக்குள்ளயே சோதனை. இந்த நெட்டையில முன்சக்கரம் பெடலுக்கும் அக்கட்ட இருக்குது பாருங்க, அதனால நேரா போறதுக்கு ராஜா மாதிரி இருக்கும். திருப்பறதுதான் கஷ்டம். யூ டர்ன் போடறதுன்னா ரோடு பூராவும் நமக்கு வேணும், பின்னால நிக்கற காருக்காரன் என்னென்னவோ சொல்லுவான். அந்தக் குட்டை சட்டுனு திரும்பிரும், ஆனா திரும்பறப்ப குதிகால் முன்சக்கரத்துல இடிக்கும். காலு இடுப்புக்கு மேல போறதால வெரலெல்லாம் மரத்தும் போகும். ஷூவைக் கொஞ்சம் லூசாக் கட்டுனா சரியாப் போயிரும். கமிட்டி அதுக்கே ஒரு மாசம் பேசுச்சுங்க. ஷூ பெருசா, காலு பெருசான்னு.

கொடியா? அது தனிக்கதைங்க. தரையோட தரையாப் போறதால பெரிய வண்டிக்காரன் கண்ணுக்குத் தெரியறதில்ல. அதனால பின்னால ஒரு கம்பு நட்டுக் கொடி கட்டுனாரு. மொத நாளே மார்க்கெட்டுகிட்ட நாலு பேரு நிறுத்தி, பாயி சாப், எந்தக் கட்சின்னு கேட்டிருக்காங்க. கலரை மாத்துனாரு, வேற நாலு பேரு வந்தாங்க. எந்தக் கலர் வெச்சாலும் இந்த ஊர்ல அதுக்கு ஒரு கட்சி இருக்குதுங்க. கடைசில என்ற பழைய துப்பட்டாவைக் கிழிச்சுக் கட்டுனோம், பூப்போட்டது. அந்தப் பூவுக்கு மட்டும் இன்னும் ஆளு வரல.

டிராபிக் போலீஸ்காரரு ஒருத்தரு, எந்திரிச்சு நின்னு பேசுங்கன்னு அதட்டிட்டாரு. இவரு படுத்தபடியே தன்னோட பதவியச் சொன்னாருங்க. படுத்துக்கிட்டு டைரக்டருன்னா யாரு நம்புவா. ஆட்டோக்காரரு என்னடான்னா ஜல்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எறங்கியே வந்துட்டாரு. அதோட எங்கூட்டுக்காரரு ஓட்டறத நிறுத்திட்டாருங்க. ஒப்பிடறத மட்டும் நிறுத்தல.

நாந்தானுங்க ஓட்டுனேன். பயனாளின்னா ஓட்டித்தான ஆகணும்.

அட, நீங்க நம்பமாட்டேங்கறீங்க. புசா ரோடு ஸ்கூல்ல கணக்கு டீச்சருங்க நானு. ஒரு நாளு பஸ் வரல, குட்டையை எடுத்துட்டேன். சுடிதார்காரிக்கு என்ன கஷ்டம். வழியில நாய்ங்க தொரத்தறதில்ல தம்பி, நேருக்கு நேரா மூஞ்சியப் பாக்கறதால அதுங்களே கொழம்பிப் போயிருது. பஸ் பொகைதான் நேரா மூக்குக்கு வரும், மாஸ்க் போட்டுக்கணும். மேம்பாலம் ஏர்றப்ப எந்திரிச்சு மிதிக்க முடியாது, சின்ன கியர்ல போட்டு மெதுவா சுத்திக்கிட்டே இருந்தா ஏறிரும். அவசரப்பட்டாத்தான் ஆடும். எறக்கத்துல... எறக்கத்துல எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியலீங்க. வானம் பூராவும் நம்மளுதுங்கற மாதிரி இருக்கும். ஸ்கூல் போயி எறங்குனா கொழந்தைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க. ஹெட்மாஸ்டரு வண்டிய ஒரு தடவ சுத்தி வந்து பாத்துட்டு உள்ள போனாரு.

அன்னிக்கு இருந்து தெனமும் அதுலதான். சாயங்காலம் வந்தா இவரு காத்துக்கிட்டு இருப்பாரு. பிரேக்கு எப்படி, சீட்டு எத்தன சாய்வு வெச்ச, கழுத்து வலிச்சுதா, எறக்கத்துல ஆடுச்சா. நான் சொல்லச் சொல்ல அடுத்த ஞாயித்துக்கெழம ஆல்பர்ட் சாருகிட்ட அவரே ஓட்டுன மாதிரி சொல்லுவாரு. ஆல்பர்ட் சாரு என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுவாரு. நானு காப்பி போடப் போயிருவேன்.

நெட்டை எனக்குச் சேராதுங்க. பெடலு எட்டாது. உங்க ஒசரத்துக்குச் சரியா இருக்குது. முன்னால இருக்கற அந்தக் கொழாயை இன்னுங் கொஞ்சம் இழுத்துவிட்டா முட்டி நோகாது. இருங்க, நானே இழுத்து முறுக்கறேன், ஸ்பேனர் அங்க இருக்குது. இப்ப மிதிச்சுப் பாருங்க. டீக் ஹை, சரியா இருக்குதுங்களா? காலு முழுசா விறைச்சு நீளக்கூடாது, லேசா மடங்கியே இருக்கணும்.

ஏன் விக்கறோம்னு வந்ததுல இருந்து மூணாவது தடவ கேட்டுட்டீங்க. கெட்டுப்போன வண்டின்னு பயமா? சேச்சே. வண்டில ஒரு கொறையும் இல்லைங்க.

அவரு இந்த மாசக் கடைசில ரிடையர் ஆகறாருங்க. கோபிசெட்டிபாளையத்துல வீடு கட்டி முடிச்சாச்சு. லாரிக்குச் சொல்லத்தான் இப்ப போயிருக்காரு. ரெண்டு சைக்கிளும் ஊருக்கு ஏறணுமாம், கோபி ரோட்டுல மறுபடி ஓட்டிப் பாத்தாத்தான் கமிட்டி முடிவு சொல்லுமாம்.

நானு போகலைங் தம்பி.

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்ல மனுசன். எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்குது, பத்தாங்கிளாஸ் புள்ளைங்கள பாதில விட்டுட்டுப் போக மனசில்ல. நானு வேலைய விட்டுட்டு வர்றதா சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. என்னைக் கேக்கல. மறந்துட்டாருன்னுதான் நெனக்கறேன். முனிர்காவுல எனக்குன்னு ஒரு ரூம் பாத்து முன்பணம் குடுத்துட்டேன். ரூம் பாக்கன்னு ஸ்கூல்ல இருந்து சுத்திக்கிட்டு அந்த வழியா வந்தேன். எத்தன கிலோமீட்டர், டயர்ல காத்து எறங்குச்சான்னு அன்னிக்கும் கேட்டாருங்க. எங்க போயிட்டு வர்றேன்னு கேக்கல. ரூம்ல குட்டை நிக்கும். இந்த நெட்டைக்கு எடம் பத்தாது.

அவருக்குத் தெரியுமாவா? தெரியாதுங்க. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். அவரு கேட்டா நானு பதில் சொல்லுவேன், அப்படியே பழகிப் போச்சு. நானா ஆரம்பிச்சுப் பேசி வழக்கமில்ல. நானாப் பேசுனா அவரு காதுல ஏறாது. ஆனா சாயங்காலம் வந்து ஹால்ல ஒரு சைக்கிளைக் காணோம்னா, கேட்டுத்தானுங்க ஆகணும்.

நீங்க பின்பக்கத்தப் புடிங்க. நானு முன்னால தூக்கறேன்.